கான் என்று சொன்னது நான்தான்

ஜெலுத்தோங் மார்க்கெட்டில் மீன் விற்கும் சீனர் என்னை ‘ஆச்சி’ என்று கூப்பிடுவார். பக்கத்தில் கோழி வெட்டும் மலாய்க்காரப் பெண்ணுக்கும் நான் ஆச்சிதான். இந்த ஊரில் கொஞ்சம் வயதான தமிழ்ப் பெண்களுக்கு மற்றவர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. நான் முப்பத்தைந்து வருடம் ஒரு சர்வே அலுவலகத்தில் நில அளவைப் படம் வரைந்து ஓய்வு பெற்றவள். சேலை கட்டுவதில்லை, பூ வைப்பதில்லை, முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறேன். அப்படியும் ஆச்சி. கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். “ஆச்சியும் இல்ல, பூச்சியும் இல்ல” என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டே மீனை வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்தக் கோபத்தைக் கொட்ட வீட்டில் ஆள் இல்லை என்பது வேறு விஷயம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஏழாவது மாடியில் பிளாட். சன்னலைத் திறந்தால் கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை, அதன் ஓரமாக ஒரு கான். கான் என்றால் எங்கள் ஊர்த் தமிழில் கழிவுநீர் ஓடும் கால்வாய். சில நாட்களில் காலையில் மீன்காரரிடம் பேசினால், அடுத்து வாய் திறப்பது மறுநாள் காலை மீன்காரரிடம்தான். இடைப்பட்ட நேரத்தில் என் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகும்.

நான் எழுத வந்தது வேறொரு கானைப் பற்றி. இந்தத் தீவிலிருந்து கடலைத் தாண்டி, சுங்கை பாக்காப் பக்கம், நான் பிறந்து வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் ஓடியது அது. இன்றும் ஓடுகிறது. அதைக் குழாய்க்குள் தள்ளி, மேலே கான்கிரீட் போட்டு மூடப்போகிறார்கள். அப்படிச் செய்ய வழிவிட்டது நாற்பது வருடங்களுக்கு முன் நான் சொன்ன ஒரே ஒரு சொல்.

எஸ்டேட்டின் கிழக்கு எல்லையில் ஒரு சின்னக் குன்று உண்டு. அதன் அடியில் மூங்கில் புதர். புதருக்குள் குனிந்து போனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஊற்று. பொங்கியெல்லாம் வராது. பாறைக்கு வியர்த்தது போலக் கசியும். பத்தடி தள்ளி வந்து பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். அங்கிருந்து அது இஷ்டம்போல வளைந்து நெளிந்து வரும். கரையில் பெரணிக் கீரை சுருள் சுருளாக முளைத்திருக்கும். கல்லைப் புரட்டினால் விரல் நீளக் கெளுத்தி ஓடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் வந்ததும் திடீரென்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகிவிடும். வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் காலத்தில், மழைத் தண்ணீர் தேங்கி ரப்பர் கன்றுகள் அழுகாமலிருக்க அந்தப் பகுதியை மட்டும் வெட்டி நேராக்கினார்களாம். எஸ்டேட்டின் சின்னச் சின்னக் கான்கள் எல்லாம் அதில் வந்து விழுந்தன. அதனால் எங்கள் ஆட்கள் அதையும் கான் என்றே சொன்னார்கள். “கானுக்குப் போறேன்” என்றால் குளிக்கப் போகிறேன் என்று பொருள். எஸ்டேட் வேலியைத் தாண்டியதும் அது மறுபடி வளைந்து ஒரு மலாய்க் கிராமத்துக்குள், எங்கள் பேச்சில் கம்பத்துக்குள், போகும். வேலிக்கு அந்தப் பக்கம் அது என்ன ஆகிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

எஸ்டேட் வாழ்க்கையை இனிக்க இனிக்க எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். அட்டை கடித்த புண் ஆறுவதற்குள் அடுத்த அட்டை கடிக்கும். கழுத்து வரைக்கும் ரப்பர் பால் நாற்றம். அம்மா இருட்டில் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். ஒரு மணிக்கு மேல் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு மற்றப் பெண்களோடு கானில் இறங்குவார். கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு தட்டைப் பாறையில் துணியை அடித்துத் துவைப்பார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அம்மா சிரித்து நான் பார்த்தது. வீட்டுக்குள் வந்தால் அந்தச் சிரிப்பு வராது. அப்பாவிடம் பயமா, களைப்பா, எனக்குத் தெரியாது. தண்ணீரில் நின்றால் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் கரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

படிப்பு முடிந்ததும் ஜார்ஜ் டவுனில் ஒரு சர்வேயரிடம் வேலை கிடைத்தது. முதல் நாளே பக்கத்து மேசைப் பெண் எந்த ஊர் என்று கேட்டாள். “புக்கிட் மெர்தாஜாம்” என்று கூசாமல் சொன்னேன். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, பெரிய மார்க்கெட் இருக்கிறது, சொல்ல ஒரு ஊராக இருந்தது. எஸ்டேட் என்று சொன்னால் என் மேல் பால் நாற்றம் அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பாள் என்று பயம். தினமும் பெர்ரி ஏறுவதற்கு முன் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்கள் எஸ்டேட்டின் ஒரு பகுதிக்கான படம் மேசைக்கு வந்தது. சர்வேயர் ஒரு சீனர், நல்ல மனிதர். என் வேலை மனுவில் இருந்த விலாசத்தை அவர் ஞாபகம் வைத்திருந்தார். எல்லோருக்கும் நடுவில் என்னைக் கூப்பிட்டு, படத்தில் நேராக ஓடிய நீலக் கோட்டைத் தொட்டு, மலாயில் கேட்டார்: “இது நீ இருக்கிற எஸ்டேட்தானே? இது சுங்கையா, பாரிட்டா?” சுங்கை என்றால் ஆறு. பாரிட் என்றால் வெட்டிய கால்வாய், எங்கள் கான். அந்தப் படத்தில் நடுவே நேராக ஓடிய பகுதி மட்டும்தான் இருந்தது. அதனால்தான் கேட்டார்.

எனக்கு ஊற்று தெரியும். மூங்கில் புதர் தெரியும், கெளுத்தி தெரியும். ஆனால் பக்கத்து மேசையில் பேனா நின்றுவிட்டது. புக்கிட் மெர்தாஜாம் பெண் எஸ்டேட் பெண்ணாகிவிட்டாள் என்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது.

“பாரிட் லா. வெறும் பாரிட்.”

அவர் தலையாட்டினார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு என்றால் அதன் பெயரைத் தண்ணீர் ஓடும் போக்கிலேயே சாய்ந்த எழுத்தில் எழுத வேண்டும். பாரிட் என்றால் நிமிர்ந்த சின்ன எழுத்து, பெயர் கிடையாது. நான் மைப் பேனாவை எடுத்து நிமிர்ந்த சின்ன எழுத்தில் பாரிட் என்று எழுதினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா துவைத்த துணிகள் கொடியில் கிடந்தன.  அம்மாவிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயங்களை இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். அம்மா புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டுக்குப் போனார். நான் பொய்யாகச் சொன்ன ஊர் அவருக்கு நிஜமான ஊராகிவிட்டது. அங்கே குளியலறையில் நின்று, “பைப்புல குளிச்சா குளிச்ச மாதிரியே இல்ல” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜெலுத்தோங்கில் பிளாட் வாங்கி நாளைக்கு இரண்டு முறை பைப்பில் குளித்தேன்.

போன வருடம் சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் போகும்போது எஸ்டேட் முனையில் ஒரு பலகை பார்த்தேன். தொழிற்சாலைகள் கட்டப்போகிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் படத்தைப் பார்வையிடலாம் என்று எழுதியிருந்தது. படம் என்றால் என் கால் தானாகவே போகும். மறுவாரமே அந்த வட்டாரத்து நில அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் தலையில் தூடோங் முக்காடு போட்ட சின்னப் பெண். “என்ன வேணும், ஆச்சி?” என்றாள். இங்கேயுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். படத்தை விரித்துக் காட்டினாள். நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் லாரி நிறுத்துமிடம். கான் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“தண்ணி எங்கே?” என்று கேட்டேன்.

“அது பாரிட்தானே, ஆச்சி. ஆறுன்னா ரெண்டு கரையிலயும் இடம் விடணும். பாரிட்டை மூடலாம்” என்று மலாயில் சொல்லிவிட்டு, ஆதாரமாகப் பழைய படத்தின் நகலை எடுத்து வைத்தாள். அதில் நிமிர்ந்த சின்ன எழுத்துகள். முதல் எழுத்தின் வால் லேசாக இடப்பக்கம் வளைந்திருந்தது. நான் அப்படித்தான் எழுதுவேன். ஸ்கூலிலிருந்தே அந்த வாலுக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். நாற்பது வருடம் கழித்து என் கையெழுத்தே என்னைப் பார்த்து நின்றது.

“இது ஆறு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தாள். அதில் கேட்டிருந்தவை: எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேருகிறது, என்ன பெயர், அந்தப் பெயரைச் சொல்லிப் புழங்குகிறவர் யாராவது ஒருவரின் கையெழுத்து. “ஆறுன்னா பேர் இருக்கணுமே, ஆச்சி. பேரைக் கண்டுபிடிச்சுட்டு ரெண்டு வாரத்துக்குள்ள வாங்க” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தப்பு என்னிடம் இருந்தது.

அன்று பெர்ரியில் வரும்போதே அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, எஸ்டேட்ல நாம குளிப்போமே, அதுக்கு என்னா பேரு?”

“எது, கானா?”

“கான் இல்லக்கா. பேரு. அதோட பேரு.”

“கானுக்கு என்னாடி பேரு? கான் கான்தான் லா. இப்ப எதுக்கு அது?”

சொன்னேன். நான் எழுதியதையும் சொன்னேன்.

“ஒனக்குப் பொழுது போகல” என்றார் அக்கா. “கானுக்குப் போயி யாராச்சும் மனு போடுவாங்களா? மூடுனா மூடிட்டுப் போறான். கொசு இல்லாம இருக்கும்.”

பழைய ஆட்களின் நம்பர் என்னிடம் ஐந்து இருந்தது. இரண்டு வேலை செய்யவில்லை. ஒன்றை யாரோ எடுத்து, அந்த அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது என்றார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற இருவரும் நலம் விசாரித்துவிட்டு, “கானா?” என்றார்கள். இத்தனை பேர் குளித்திருக்கிறோம், துவைத்திருக்கிறோம், அதற்கு ஒரு பெயர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோர் மேலும் கோபம் வந்தது. பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கூப்பிட வேறு நம்பர் இல்லை.

வேறு வழி தோன்றவில்லை. தண்ணீரையே கேட்போம் என்று ஒரு நாள் காலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பினேன். குன்றின் அடியில் மூங்கில் அப்படியே இருந்தது. ஊற்று இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கரையோடு கீழே நடந்தேன். செம்பனை மட்டைகள் தண்ணீரில் விழுந்து அழுகிக் கிடந்தன, நிறம் டீ மாதிரி இருந்தது. நேரான பகுதிக்கு வந்ததும் கரை சரிந்து, என் முழங்கால் இரண்டு தடவை மடங்கியது. தட்டைப் பாறையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பாதி மண்ணுக்குள் போயிருந்தது. பாசியைக் கையால் வழித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. அம்மா நின்று சிரித்த இடம் எது என்று பார்த்தேன். தண்ணீர் அங்கே முழங்கால் அளவுகூட இல்லை. “வெறும் பாரிட்டுன்னு சொல்லிட்டேம்மா” என்று சத்தமாகச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது. அம்மா செத்தபோது நான் அழவில்லை, அலுவலகத்தில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு நாலாம் நாள் வேலைக்குப் போனவள். பாறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

திரும்பிப் போயிருப்பேன். பாரத்தில் ‘எங்கே போய்ச் சேருகிறது’ என்று ஒரு வரி இருந்ததே, அதற்காக வேலியைத் தாண்டினேன். வேலி என்று இப்போது ஒன்றுமில்லை, இரண்டு துருப்பிடித்த கம்பிதான். வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பக்கம் நடந்தேன். தண்ணீர் மறுபடி வளையத் தொடங்கியது. நிழல் வந்தது. வீடுகள் தெரிந்தன. ஒரு பலகைப் பாலத்தின்மேல் என் வயதிருக்கும் ஒரு மலாய்க்காரர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். என் சேறு படிந்த காலைப் பார்த்துவிட்டு, “மேலேருந்தா வர்றீங்க, ஆச்சி?” என்று கேட்டார். கோபப்படத் தெம்பில்லை. ஆமாம் என்றேன்.

“இந்த ஆத்துல அந்தப் பக்கத்திலேருந்து ஆள் வந்து ரொம்ப வருஷமாச்சு” என்றார்.

அவர் மலாயில் சொன்னது சுங்கை. பாரிட் இல்லை. “நீங்க இதை ஆறுன்னா சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“வேற என்ன சொல்ல? சுங்கை ஆச்சி, அதுதான் பேரு. எங்க கம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

எனக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் சின்னவராக இருந்தபோது வீட்டில் கடிகாரம் கிடையாது. மத்தியானம் ஆற்றில் மேலேயிருந்து சோப்பு நுரை மிதந்து வரும். “ஆச்சிங்க இறங்கிட்டாங்க” என்று அவருடைய அம்மா சத்தம் போடுவாராம். உடனே குடத்தையும் பாத்திரத்தையும் கரையேற்றுவார்கள். நுரை வந்தால் மணி இரண்டு. காற்று இந்தப் பக்கம் வீசினால் ஆச்சிகள் சிரிக்கிற சத்தமும் கேட்குமாம்.

“அதுல ஒரு ஆச்சி ரொம்பச் சத்தமா சிரிப்பாங்க. நாங்க இங்கேருந்து அதே மாதிரி சிரிச்சுக் காட்டுவோம்.”

நான் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்புறம் ஒரு நாள் நுரை வரல” என்றார். “எங்கம்மா ரெண்டு மூணு நாள் கரையில நின்னு பார்த்தாங்க. ஆச்சிங்க போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நாங்க கடிகாரம் வாங்கினோம்.”

நாங்கள் எஸ்டேட்டைக் காலி செய்த வாரத்தில் எங்களை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம், அவ்வளவுதான். நாங்கள் போனது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எங்களைப் பார்த்தே இராத ஒரு பெண் இரண்டு மூன்று நாள் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். நாங்கள் கான் என்று சொன்னதை அவர்கள் ஆறு என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எங்கள் அம்மாக்களைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொல்லிப் பாரத்தை நீட்டினேன். அவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஆச்சி என்று எனக்குத் தெரியும், அது போதும்.

நில அலுவலகத்துக்கு மறுபடி போன அன்று கூட்டம். ‘ஆட்சேபத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில், பழைய படத்தில் பாரிட் என்று எழுதியது நான், அது தவறு, தெரிந்தே சொன்ன தவறு என்று எழுதியிருந்தேன். அதே பெண் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேலே அனுப்புவோம், என்ன முடிவாகும் என்று சொல்ல முடியாது என்றாள். இதை எழுதும் இன்றுவரை முடிவு வரவில்லை. ஊற்று கசிகிறதா என்று மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தாள். என் எழுத்து அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

“பேர் என்ன, ஆச்சி?”

“ஆச்சி.”

“சரி ஆச்சி, ஆத்தோட பேர்?”

“ஆச்சிதான்மா. சுங்கை ஆச்சி.”

விரல் நின்றது. “இது உங்க பேரா, ஆத்தோட பேரா?” என்று கேட்டாள்.

“ரெண்டும்தான்” என்றேன்.

தட்டினாள். திரையைப் பார்த்தபடியே, “ஆச்சிக்கு எந்த ஊர்?” என்று கேட்டாள். பாரத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை, சும்மாதான் கேட்டாள். புக்கிட் மெர்தாஜாம் என்று பழக்கத்தில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி எஸ்டேட்டின் பெயரைச் சொன்னேன்.